மூன்றாம் மாதக் கடிதம்
அத்தியாயம் 9

தபால்காரர் மேல் ஒரு தப்பும் கிடையாது. அவர் பாட்டுக்கு வந்தார், கடை மேஜைமேல் நாலு உறையை வைத்தார், "குளிர் விட்டுடுச்சு போலிருக்கே!" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

கதோவாகி சலவைக் கடையில் அன்றைக்கு மூச்சுவிட நேரமில்லை. மார்ச் மாதக் கடைசி. ஜப்பானில் ஏப்ரலில்தான் பள்ளிக்கூடம் திறக்கும்; இன்னும் பத்து நாள்தான் பாக்கி. மட்சுயே ஊரில் இருக்கிற அத்தனை பிள்ளைகளின் சீருடையும் இந்தக் கடைக்குள்தான் கிடக்கிறதோ என்று தோன்றும்படி துணி குவிந்திருந்தது. மிசாவோ துணிகளுக்கு அடையாளச் சீட்டு கட்டிக்கொண்டே ஒவ்வோர் உறையாகப் பிரித்தாள்.

நம் மிசாவோவைத்தான் உங்களுக்குத் தெரியுமே. போன ஞாயிற்றுக்கிழமை சபை கூடியபோது எழுந்து நின்று, சாட்சி சொன்னாளே, அதே மிசாவோ. "டிசம்பர் மாசம் என் கல்லீரல்ல இருந்த கட்டியை எடுத்தாங்க. ஒரு சொட்டு ரத்தம்கூட ஏத்தாம கடவுள் என்னைப் பிழைக்க வச்சார்" என்று அவள் சொன்னதும் அறுபது பேர் கைதட்டினார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் சனாயே கைக்குட்டையை எடுத்துக் கொடுத்து, தானும் தட்டினாள்.

மூன்றாவது உறை ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தது.

'தங்களுக்குச் சென்ற டிசம்பர் பதினொன்றாம் தேதி எமது மருத்துவமனையில் ரத்தம் ஏற்றப்பட்டது. ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் மூன்று மாதம் கழித்து ஒரு பரிசோதனை செய்துகொள்வது நல்லது. இந்தக் கடிதத்துடன் வரவும்.'

வேறு யாருக்கோ வந்தது என்றுதான் முதலில் நினைத்தாள். பெயரைப் பார்த்தாள். கதோவாகி மிசாவோ. பிறந்த தேதியைப் பார்த்தாள். அதுவும் அவளுடையதுதான்.

யாரோ ஓர் ஆபீஸ் பெண் பட்டியலைப் பார்த்து உறையில் போட்டு ஒட்டியிருப்பாள், வேறென்ன! டாக்டர் வாயை மூடிக்கொண்டார். நர்ஸுகள் மூடிக்கொண்டார்கள். வீட்டிலும் மூடிக்கொண்டார்கள். அந்தப் பட்டியலை மூடி வைக்கத்தான் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

ரத்தம் கடவுளுக்குச் சொந்தம், இன்னொருத்தர் ரத்தத்தை உடம்பில் ஏற்றிக்கொள்ளக் கூடாது என்பது அவள் சபையின் விதி. இருபத்தேழு வருஷமாக அவள் பையில் ஓர் அட்டை இருக்கிறது. 'செத்தாலும் பரவாயில்லை, ரத்தம் ஏற்றாதீர்கள்' என்று எழுதி, தன் கையால் கையெழுத்துப் போட்ட அட்டை. வருஷா வருஷம் புதுசாக எழுதுவாள்.

அவளுக்குத் தன் கையைத் தொடவே கூச்சமாக இருந்தது.

பின்கட்டில் அவள் புருஷன் யசுஜி ஆவி இஸ்திரி மெஷினில் கால்சட்டைகளை அழுத்திக்கொண்டிருந்தான். அவன் சபையைச் சேர்ந்தவன் இல்லை. 'உங்க கடவுளுக்கு ரத்தத்தை எண்ணிக்கிட்டு உட்கார்ந்திருக்கறதுதான் வேலையா?' என்று அவள் சபையில் சேர்ந்த நாளிலிருந்து கேலி பேசுகிறவன்.

"என்னங்க, இது என்ன?"

யசுஜி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தான். மெஷின் புஸ்ஸென்று ஆவி விட்டது. நிறுத்தத் தோன்றாமல் நின்றான்.

"சொல்லுங்களேன். வாயில என்ன கொழுக்கட்டையா?"

"அன்னைக்கு... ரொம்பப் போயிடுச்சு மிசாவோ. ரெண்டு லிட்டர் போயிடுச்சுன்னாங்க."

"யார் சரின்னு சொன்னது?"

யசுஜி கடிதத்தை நாலாக மடித்தான். "நான்தான். நான்தான் கையெழுத்துப் போட்டேன். திட்டணும்னா திட்டிடு, மனசுல வச்சுக்காதே."

ஆபரேஷனுக்கு முந்தின சாயங்காலம் இதே யசுஜிதான் கட்டில் ஓரம் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, 'எனக்குப் பிடிக்கலைதான். ஆனா உன் உடம்பு, உன் பேச்சு. யார் வந்து கேட்டாலும் வேணாம்னே சொல்றேன்' என்றான்.

"சத்தியம் பண்ணினீங்களே!"

"பண்ணினேன்."

"சாகப்போறவ கையைப் பிடிச்சுச் சத்தியம் பண்ணிட்டு... சீ! முப்பத்திரண்டு வருஷம் கூட இருந்தவ பேச்சுக்கு இவ்வளவுதானா மரியாதை? நான் போய் அறுபது பேருக்கு முன்னால பொய் சாட்சி சொன்னேனே! அதையும் பார்த்துக்கிட்டுச் சும்மா இருந்தீங்களே!"

"நான் அங்கே வரவே இல்லையே."

"வாயை மூடுங்க!"

அவன் மூடிக்கொண்டான். அதுதான் அவளுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. யசுஜி தப்புப் பண்ணினால் பத்து நியாயம் பேசுகிற ஆள். ஒரு சட்டைப் பித்தான் உடைந்தால்கூட வாடிக்கையாளர் மேல்தான் பழி போடுவான். இன்றைக்கு ஒரு நியாயமும் பேசவில்லை.

மிசாவோ கடைச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, கடிதத்தைப் பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினாள்.

அவளுக்கு ஆபரேஷன் செய்த டாக்டர் ஹோரியே அவளைக் கண்டதும் எழுந்தே நின்றுவிட்டார். மடித்த கடிதத்தை அவள் மேஜைமேல் வைத்தாள். அவர் அதைப் பிரிக்கவில்லை. பிரிக்காமலே தெரிந்தது அவருக்கு. இடுப்பு வரை குனிந்தார். ரொம்ப நேரம் நிமிரவில்லை.

"குனிஞ்சது போதும் டாக்டர். எனக்குப் பதில் வேணும். ரத்தம் ஏத்தமாட்டோம்னு சொன்னீங்களா இல்லையா?"

"ஏத்தாம இருக்க எங்களால ஆன முயற்சியெல்லாம் பண்றோம்னு சொன்னேன்மா."

அடப்பாவி! மிசாவோவுக்குத் தன் தலையிலேயே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கறை போகாத துணியைக் கொண்டுவந்து, "நாளைக்குக் கல்யாணத்துக்குப் போட்டுக்கணும்" என்று நிற்கிறவர்களிடம் அவளே என்ன சொல்வாள்? 'முடிஞ்ச வரைக்கும் முயற்சி பண்றேங்க' என்பாள். அப்படிச் சொன்னால் கறை போகாது என்று அர்த்தம். ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லக் கூச்சப்படுகிற ஊர் இது. இருபது வருஷம் அதே வார்த்தையை விற்றவள், வெள்ளைக் கோட்டுப் போட்டவர் வாயிலிருந்து வந்ததும் அதைச் சத்தியமென்று வாங்கிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டாள்.

"உயிர் போகும்கிற நிலைமை வந்தா ஏத்திடுவோம். இந்த ஆஸ்பத்திரி வழக்கம் அது" என்றார் டாக்டர். "ஆபரேஷனுக்கு மூணு நாள் முன்னாடியே உங்க வீட்டுல சொல்லிட்டோம்."

"என் உடம்பு டாக்டர் இது. என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"நோயாளி மனசு கலங்கிடக்கூடாதுன்னு வீட்டாரைக் கூப்பிட்டுச் சொல்றதுதான் இங்கே பழக்கம். அவங்க பக்குவமா எடுத்துச் சொல்லுவாங்கன்னு..."

"சொல்லியிருந்தா வேற ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பேனே! ரத்தம் ஏத்தாமலே அறுக்கறவங்க இருக்காங்களே!"

"ஆமாம்மா. அந்த வழியை உங்களுக்கு இல்லாம பண்ணிட்டேன். கத்தி வைக்கறதுக்கு முன்னாடி நோயாளிகிட்டேயே சொல்லிடணும்னு கோர்ட்டும் சொல்லியிருக்கு. சொல்லாதது என் தப்பு." கொஞ்சம் தயங்கிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்தே சொன்னார்: "ஏத்தினது தப்புன்னு மட்டும் என்னால சொல்ல முடியலை. நீங்க நடந்து வந்து என்னைத் திட்டறீங்க. எனக்கு அது போதும்."

மிசாவோவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவள் கேட்காத உயிரைக் கொடுத்துவிட்டு, அதற்கு நன்றியும் எதிர்பார்க்கிற மாதிரி அல்லவா பேசுகிறார்!

"என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட காகிதத்தை எடுங்க. நான் பார்க்கணும்."

டாக்டர் முகம் மாறியது. "உங்க வீட்டுக்காரரா?"

"ஆமா."

"அவர் போடலையேம்மா. முதல்ல அவரைத்தான் கேட்டேன். ரெண்டு தடவை வெளியே வந்து கேட்டேன். 'வார்த்தை கொடுத்துட்டேன், மாட்டேன்'னுட்டார். தரையில உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். அப்பவும் போடலை."

காகிதம் வந்தது. நோயாளியின் நகல் கேட்கும் உரிமைப்படி ஒரு பிரதி அவளிடமே கொடுத்தார்கள். அடியில் பெயர்: கதோவாகி சனாயே. உறவு: மகள். பக்கத்தில் சின்னதாய், சிவப்பாய், கையெழுத்துக்கு ஈடான குடும்ப முத்திரை. வீட்டு வாசலில் பார்சல்காரனுக்குக் குத்துவதற்காகத் தொங்குமே, அந்த முத்திரை. மூன்று நாள் முன்னால் டாக்டர் கூப்பிட்டுச் சொன்னதும் இவளிடம்தானாம்; அதனால்தான் அதைப் பையில் போட்டுக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறாள், பாருங்கள்!

நம்பாதவன் வார்த்தையைக் காப்பாற்றியிருக்கிறான். நம்புகிறவள் காலை வாரிவிட்டிருக்கிறாள். பஸ்ஸில் உட்கார்ந்து வரும்போது மிசாவோவுக்கு அழுகைகூட வரவில்லை. பதினாறு வயதில் ஞானஸ்நானம் எடுத்த பெண். அதே மாதிரி ஓர் அட்டையைத் தன் பையிலும் வைத்திருக்கிற பெண்.

சனாயே கண்ணாடிக் கடையில் அரை நாள் வேலை முடித்துவிட்டு, பின்கட்டு மேஜையில் சாதத்தோடு சிப்பி சூப் குடித்துக்கொண்டிருந்தாள். மிசாவோ பிரதியைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். சனாயேவின் கை அப்படியே நின்றது.

"எத்தனை பைடி ஏத்தினாங்க?"

"...நாலு."

"மூணு நாள் முன்னாடியே உனக்குத் தெரியும். என்னை எச்சரிச்சிருக்கலாம். சொன்னியா?"

"சொன்னா நீ வேற ஊருக்குப் போறேன், வேற டாக்டரைத் தேடறேன்னு ஒரு மாசம் தள்ளிப் போட்டிருப்பே. கட்டி ஒரு மாசம் காத்திருக்குமாம்மா?"

"அது நான் எடுக்க வேண்டிய முடிவு!"

"அம்மா, ஆபரேஷன் ரூம் கதவு வழியா வந்த நர்ஸு செருப்பெல்லாம் ரத்தம். உன் ரத்தம்!" சனாயே எழுந்துவிட்டாள். "அப்பா உன்னைச் சாக விட்டாரும்மா. பேனாவைக் கையில வச்சிக்கிட்டு, உன்னைச் சாக விட்டாரு. அவரை நீ திட்டமாட்டே. என்னைத்தான் திட்டுவே!"

"நான் கேட்டதை அவர் ஒருத்தர்தான்டி செஞ்சார். உன் நம்பிக்கை எங்கே போச்சு?"

"அங்கேதான் இருந்துச்சு. அந்த நேரத்துல எனக்கு அம்மாதான் வேணும்னு இருந்துச்சு."

மிசாவோ பிரதிமேல் விரலை வைத்தாள். "சரி, அன்னைக்குப் போட்டுட்டே. போன ஞாயித்துக்கிழமை? நான் எழுந்து நின்னு பேசறப்ப உன் கை எப்படிடி தட்டிச்சு?"

சனாயே கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். குரல் இறங்கிப்போய், "தெரிஞ்சா என்னைச் சபையில இருந்து விலக்கிடுவாங்க" என்றாள். "விலக்கிட்டா நீ என்கூட ஒரே மேஜையில உட்கார்ந்து சாப்பிடுவியா? சொல்லும்மா. சாப்பிடுவியா?"

மிசாவோவால் சொல்ல முடியவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய உயிர்த்தோழி தொகிகோவைச் சபை விலக்கியது. அன்றிலிருந்து தொகிகோ எதிரே வந்தால் மிசாவோ தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விடுவாள். ஒரு தடவை தொகிகோ கையைத் தூக்கி, பாதியில் இறக்கிக்கொண்டாள். மிசாவோ பார்க்காத மாதிரி நடந்தாள்.

கடைப்பக்கமிருந்து யசுஜி எட்டிப் பார்த்தான். மேஜைமேல் கிடந்த பிரதியைப் பார்த்தான். பெருமூச்சு விட்டான்.

"நான்தான்னு சொல்லியாச்சே. அதோட விட்டிருக்கலாம் நீ" என்றான் பெண்டாட்டியிடம். "நான் எப்படியும் உங்க கணக்குல கெட்டவன். ஒரு கெட்ட பேரு கூடினா என்ன, குறைஞ்சா என்ன? பொண்ணு போயிட்டா நீ தாங்கமாட்டே."

"அவ உங்ககிட்டயாவது மன்னிப்புக் கேட்டாளா?"

"மூணு மாசமா என்கூடப் பேசறதே இல்லை."

மிசாவோ மகளைப் பார்த்தாள். டிசம்பரிலிருந்து இந்த வீட்டில் அப்பாவும் பெண்ணும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அவளோ, தான் உடம்பு முடியாமல் படுத்ததால் வீடு அமைதியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்!

அந்த நேரம் பார்த்துக் கடைக் கதவு மணி அடித்தது. "சகோதரி மிசாவோ இருக்காங்களா?"

சபை மூப்பர் தமாகி. கையில் ஒரு பெட்டி ஸ்ட்ராபெர்ரி. மனுஷர் முகமெல்லாம் சிரிப்பு. மிசாவோ பிரதியைச் சட்டென்று பைக்குள் திணித்தாள். சனாயே டீ போட எழுந்து போனாள்.

"உட்காருங்க ஐயா."

"உட்காரப்போறதில்லை, ஒரு நல்ல சேதி சொல்லிட்டுப் போயிடறேன்" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார். "நம்ம சபை யோரிகோ இருக்காளே, வயித்துல கட்டின்னு பயந்துக்கிட்டே இருந்தாளே, உங்க சாட்சியைக் கேட்டதும் தைரியம் வந்துடுச்சு. அதே ஆஸ்பத்திரி, அதே ஹோரியே டாக்டர். வர்ற திங்கட்கிழமை ஆபரேஷன். டாக்டர் 'ஆன முயற்சியெல்லாம் பண்றேன்'னு சொல்லிட்டாராம்!"

உள்ளே தட்டில் கோப்பை ஆடுகிற சத்தம் கேட்டது.

சும்மா இருந்துவிடலாம். 'சந்தோஷம் ஐயா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வீடு தப்பித்தது. ஆனால் யோரிகோவுக்கு முப்பத்தாறு வயது. இவள் பேச்சை நம்பிப் போய்ப் படுக்கப்போகிறாள். தனக்குச் செய்ததைத் தெரிந்தே இன்னொருத்திக்குச் செய்வதா? அதற்கு மிசாவோவுக்கு மனசு வரவில்லை.

"ஐயா, யோரிகோவை அங்கே போகவேணாம்னு சொல்லுங்க. எனக்கு ரத்தம் ஏத்திட்டாங்க. இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

தமாகியின் சிரிப்பு மெல்ல மெல்லத்தான் போனது. பையிலிருந்து அவள் எடுத்துக் கொடுத்த ஆஸ்பத்திரிக் கடிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தார். அவர் கெட்டவர் இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பாவிங்க... உங்க மேல தப்பில்லை சகோதரி. மயக்கத்துல இருந்தீங்க. கடவுளுக்குத் தெரியும்." பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "டாக்டரா ஏத்தியிருக்கமாட்டார். யாரோ சம்மதம் கொடுத்திருக்கணும். யாரு?"

மிசாவோ வாயைத் திறந்தாள். இருபத்தேழு வருஷமாக ஒரு பொய்கூடச் சொல்லாத வாய்.

"எங்க வீட்டுக்காரர்."

யசுஜி இஸ்திரி மெஷினுக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். அவளைப் பார்க்கவில்லை. "ஆமாங்க. நான்தான்" என்று தலையைக் குனிந்தான்.

"நினைச்சேன்" என்றார் தமாகி, மெதுவாக. அந்த ஒரு சொல் மிசாவோவின் நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. முப்பத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகப் புருஷனுக்காக அவளுக்கு வெட்கமாக இல்லை, தனக்காக வெட்கமாக இருந்தது.

சபைக்காரர்களுக்காக எப்போதும் பையில் வைத்திருக்கிற வக்காலத்துத் தாள் ஒன்றைத் தமாகி எடுத்தார். "இதைச் சும்மா விடக்கூடாது. நம்ம வக்கீல் வெள்ளிக்கிழமை ஒசாக்காவிலிருந்து வர்றார். நோயாளிகிட்ட மறைச்சாங்கன்னு கேஸ் போட்டா நிக்கும். ஆஸ்பத்திரிக் காகிதம் அத்தனையும் அவர் வாங்கிடுவார். நீங்க இதுல முத்திரை குத்தினா போதும்."

அந்தக் காகிதத்தில் இருப்பது சனாயேவின் பெயர்; வேண்டாம் என்றாலோ ஏன் என்று கேட்பார். மிசாவோ முத்திரையை எடுத்தாள். அது கொஞ்சம் கோணலாக விழுந்தது.

"இன்னொண்ணு. சபைப் பதிவுக்கு ஒருத்தர் சொல் போதாது, ரெண்டு சாட்சி வேணும். அவர் வெளி ஆள், அவர் சொல்றது கணக்குல வராது." தமாகி பேனாவை எடுத்தபடி திரும்பினார். டீத் தட்டோடு சனாயே வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். "நீ அன்னைக்கு அங்கேதானே இருந்தே மகளே? உங்கப்பா கையெழுத்துப் போட்டதை நீ பார்த்தியா?"

இப்போது ஒரே ஒரு வார்த்தை. இல்லை என்று சொல்லட்டும். நான்தான் போட்டேன் என்று சொல்லட்டும். என்ன வந்தாலும் சேர்ந்து பட்டுக்கொள்வோம். தொகிகோ மாதிரி தெருவில் நிற்கவிடமாட்டேன் உன்னை. எந்தச் சபை சொன்னாலும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவேன்டி. சொல்லிவிடு. மிசாவோ மனசுக்குள் கெஞ்சினாள். கேட்டபோது சொல்லாத பதில் அவளுக்கு இப்போதுதான் வந்தது.

சனாயே அப்பாவைப் பார்த்தாள். யசுஜி அவளைப் பார்த்து லேசாகத் தலையசைத்தான். மூன்று மாதத்தில் இருவரும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

"பார்த்தேன்" என்றாள் சனாயே.

தமாகி எழுதிக்கொண்டார்.

மிசாவோவுக்கு மகள் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. புருஷன் முகத்தைப் பார்க்கத் தைரியமும் இல்லை.